மண்ணில் பத்து வினாடி, நீரில் பத்து வினாடி

செங்கல்பட்டு மாவட்டத்தின் இரண்டு விளையாட்டுகள் ஒன்றையொன்று பார்க்காமலே வளர்ந்தவை. மேற்கே மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் பக்கத்து ஊர்களில் கபடி. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் விளக்குக் கட்டி, மைக் செட் அலற, விடியும்வரை நடக்கும். கிழக்கே கோவளம் முதல் மாமல்லபுரம் வரை அலைச்சறுக்கு. மீனவக் குப்பத்துப் பிள்ளைகள் பழகிப் பெயர் வாங்கிய அந்தக் கடலுக்கு 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பே வந்தது. அதில் வெண்கலம் வென்ற கர்நாடகத்தின் ரமேஷ் புதிஹால்தான் அந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியர்.

இரண்டையும் நான் அருகருகே வைப்பது வேறொரு காரணத்துக்காக. நெஞ்சுக்குள் ஐ.சி.டி. என்ற கருவியைப் பொருத்திக்கொண்ட இருபது வயதுக்காரர் ஒருவர், மறுபடி ஆட வேண்டும் என்று ஆசைப்படுகிறார் என்று வையுங்கள். அவர் களத்தில் இறங்குவதா, கடலில் இறங்குவதா? யாரைக் கேட்டாலும் சட்டென்று வரும் பதில் ஒன்றே: கபடி கூடவே கூடாது, மேலே விழுந்து அமுக்குவார்கள், கடலில் யார் மேலே விழப்போகிறார்கள், மெதுவாகச் செய்துகொள்ளட்டும். என் கணக்கு ஏறக்குறைய தலைகீழ்.

முதலில் கருவி. ஊரில் இதையும் ‘பேஸ்மேக்கர்’ என்றே சொல்லிவிடுவார்கள். பேஸ்மேக்கர் மெதுவாகிப்போன இதயத்தைத் தட்டி நடத்துவது. ஐ.சி.டி.யின் முக்கிய வேலை வேறு: இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கினால் உள்ளிருந்தே மின்னதிர்ச்சி கொடுத்து அந்தக் குழப்பத்தை நிறுத்துவது. வார்சாவில் பிறந்த மிஷெல் மிரோவ்ஸ்கி என்ற மருத்துவர், தன் மூத்த சகா ஒருவர் இதயத்துடிப்புக் கோளாறால் திடீரென்று இறந்த பிறகு இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. 1980 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இன்று அது உள்ளங்கையில் அடங்கும் டைட்டானியம் பெட்டி. பெரும்பாலும் இடது காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் இருக்கும். அங்கிருந்து ஒரு வயர் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகும். டாக்டர்கள் ‘லீட்’ என்பது இந்த வயரைத்தான்.

கருவி உடனே சுட்டுவிடாது. துடிப்பு கெட்டதைக் கண்டுகொண்டு, நிஜமா என்று உறுதி செய்து, மின்சாரத்தைச் சேர்த்துக்கொண்டு, பிறகுதான் ஷாக் தரும். இதற்குப் பத்து வினாடியை ஒட்டி ஆகும். சில நேரம் கூடுதலாகவும் ஆகும். கீழறை வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை என்றால் மூளைக்கு ரத்தம் போகாது. அந்தப் பத்து வினாடிக்குள் ஆள் நினைவிழந்து விடுவார். பிறகு ஷாக், பிறகு விழிப்பு. ஆக, கருவி இதயத்தைக் காக்கும். ஆளைத் தாங்கிப் பிடிக்காது. அந்தப் பத்து வினாடி அவர் எங்கே, யார் கண்ணில் படும்படி கிடக்கிறார் என்பதை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

மருத்துவப் பட்டியல்கள் நெடுங்காலம் இப்படிப் பார்க்கவில்லை. இதயத்துக்கு எவ்வளவு உழைப்பு என்பதை வைத்தே ஆட்டங்களை அடுக்கின. 2005இல் அமெரிக்க வல்லுநர்கள் பெதஸ்டா மாநாட்டுப் பரிந்துரைகளில், ஐ.சி.டி. உள்ளவர்களுக்கு ஆகக் குறைந்த உழைப்புள்ள போட்டிகளை மட்டுமே விட்டுவைத்தார்கள்: கோல்ஃப், பில்லியர்ட்ஸ், துப்பாக்கி சுடுதல் போன்றவை. அதே கட்டத்தில் கிரிக்கெட்டும் இருந்தது. மே மாத வெயிலில் பத்து ஓவர் வேகப்பந்து வீசியவர் எவரும் இதைப் படித்தால் சிரிப்பார். பட்டியல் போட்டவர்கள் கிரிக்கெட்டை எவ்வளவு தொலைவிலிருந்து பார்த்தார்கள் என்பது அதிலேயே தெரிகிறது.

அந்தத் தடைக்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் அச்சம், கணக்கு கொஞ்சம்தான். தடையை மீறி ஆடிக்கொண்டிருந்தவர்களைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் லாம்பர்ட். 2013இல் வெளியான அந்தப் பதிவேட்டில் 10 முதல் 60 வயதுவரை 372 பேர். ஏறக்குறைய இரண்டரை ஆண்டுக் கண்காணிப்பு. ஆடும்போது துடிப்புக் கோளாறால் இறந்தவர் இல்லை. கருவி கைவிட்டு வெளியிலிருந்து உயிர்ப்பிக்க வேண்டி வந்தவர் இல்லை. ஷாக்காலோ மயக்கத்தாலோ ஆட்டத்தில் காயப்பட்டவரும் இல்லை. ஆனால் ஷாக் வாங்கியவர்கள் உண்டு: போட்டியிலோ பயிற்சியிலோ 37 பேர், மற்ற உடலுழைப்பின்போது 29 பேர், சும்மா இருக்கும்போது 24 பேர். 2017இல் 440 பேரோடு வந்த அடுத்த கணக்கும் இதையே சொன்னது. 2015இல் அமெரிக்கர்களும் 2020இல் ஐரோப்பியர்களும் தடையைத் தளர்த்தி, ஆட்டக்காரரும் மருத்துவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம் என்ற இடத்துக்கு வந்தார்கள்.

அந்த 372 பேரும் அமெரிக்க, ஐரோப்பிய மைதானங்களில் ஆடியவர்கள். துணிந்து ஆட வந்தவர்கள்தான் கணக்கில் சேர்ந்தார்கள் என்பதும் உண்மை. நம் கபடிக்கென்று அதில் ஓர் எண்ணைத் தேடினால் கிடைக்காது. அங்கிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று: ஆட்டத்தில் ஷாக் வரும், தரையில் வந்தால் பெரும்பாலும் பிழைத்து எழுந்துகொள்கிறார்கள்.

கண்ணால் பார்க்கவும் உதாரணம் உண்டு. 2009இல் பெல்ஜியக் கால்பந்து வீரர் ஆன்டனி வான் லூ, பந்து வேறு பக்கம் இருக்கும்போது வெட்டிய மரமாகச் சாய்ந்தார், சில வினாடியில் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது, உட்கார்ந்துகொண்டார். 2020 ஆகஸ்டில் அயாக்ஸ் கால்பந்து அணியின் டேலி பிளிண்ட், ஹெர்தா பெர்லினோடு ஆடிய நட்பு ஆட்டத்தில் கருவி சுட்டுக் கீழே சரிந்தார்; எழுந்து தானே நடந்து வெளியேறினார். இருவருக்கும் அடியில் புல்தரை இருந்தது. அதே நிமிடத்தை மாமல்லபுரம் கடற்கோயிலுக்கு வெளியே, அலை உடையும் இடத்துக்கு அப்பால் நடத்திப் பாருங்கள்.

இப்போது கபடிக்கு வருகிறேன். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு பாட்டுக்கு 30 வினாடி. பாடிப் போகிறவர் மூச்சை விடாமல் ‘கபடி கபடி’ என்று சொல்லிக்கொண்டே எதிரணிக்குள் நுழைந்து, பாக் கோட்டைத் தாண்டி, போனஸ் கோட்டில் கால் வைக்கலாமா என்று ஆழம் பார்ப்பார். நாடித்துடிப்பு அந்த அரை நிமிடத்தில் செங்குத்தாக ஏறும். பிடி விழுந்துவிட்டால் மூச்சை அடக்கி, நெஞ்சை இறுக்கி, நடுக்கோட்டை நோக்கி ஒரு திமிறல். திரும்பி வந்தால் ஓரிரு நிமிடம் நின்று பார்ப்பது, மறுபடி ஏற்றம்.

இந்தத் திடீர் ஏற்றம் கருவியைக் குழப்பக்கூடும். இருபது வயதுக்காரரின் துடிப்பு முழுமூச்சில் ஆடும்போது நிமிடத்துக்கு 200ஐத் தொடுவது இயல்பு. கருவியை 180க்கு மேல் போனால் சுடு என்று அமைத்திருந்தால், ஆரோக்கியமான பாட்டுக்கே ஷாக் விழும். நெஞ்சில் உதைபட்டதுபோல இருக்கும் என்கிறார்கள், வாங்கியவர்கள். அதனால் ஆட்டக்காரர்களுக்கு எல்லையை உயர்த்தி அமைப்பதும், முன்னதாக டிரெட்மில்லில் முழுமூச்சாக ஓடவிட்டுப் பார்ப்பதும் வழக்கம். இது கடலுக்கும் பொருந்தும். ஆனால் கபடியில் ஏற்றம் அடிக்கடி வருவதால் இங்கே இன்னும் முக்கியம்.

அடுத்து மோதல். இதில் எல்லாப் பிடியும் ஒன்றல்ல. கணுக்கால் பிடி, தொடைப் பிடி இரண்டும் கீழே விழுபவை, கருவிக்குத் தொடர்பில்லை. ஆபத்து பிளாக்கிலும் டேஷிலும் இருக்கிறது: ஓடி வருகிறவரை நெஞ்சாலும் தோளாலும் இடித்து நிறுத்துவது, அல்லது கோட்டுக்கு வெளியே தள்ளுவது. அதைவிட, பிடிபட்டவர்மேல் ஐந்தாறு பேர் விழுந்து அமுக்கும் குவியல். டைட்டானியப் பெட்டி அதற்கெல்லாம் எளிதில் உடையாது. அதன் மேலிருக்கும் தோலும் அதிலிருந்து கிளம்பும் வயரும்தான் மெலிந்தவை. இதயத்துக்குள் வயர் போகாத வகை ஒன்றும் வந்திருக்கிறது. அதை இடது அக்குளுக்குக் கீழே விலாவில் வைப்பார்கள். கால்பந்துக்கு அது தோதாக இருக்கலாம். கபடியில் இடுப்புப் பிடி போடுகிறவரின் கை வந்து இறுக்கும் இடமே அதுதான். அறுவைக்கு முன்பே ‘நான் என்ன ஆடுகிறேன், எந்த இடத்தில் நிற்கிறேன், எந்தத் தோளால் இடிப்பேன்’ என்று டாக்டரிடம் செய்துகாட்டிச் சொல்வது, பின்னால் படம் எடுத்துப் பார்ப்பதைவிட நல்லது. ஐரோப்பிய வழிகாட்டுதலும் இதையே கேட்கிறது: நேரடியாக மோதும் ஆட்டம் என்றால் வைக்கும் இடத்தை மாற்று, மேலே பட்டை கட்டு, இரண்டும் ஆகாதென்றால் அந்த ஆட்டத்தைக் குறை.

இவ்வளவு குறைகளையும் சொன்ன பிறகு, அந்தப் பத்து வினாடிக்கு வருவோம். பாடிப் போனவர் நினைவிழந்து விழுகிறார். விழுவது மண்ணிலோ மேட் விரிப்பிலோ. அந்தக் கணத்தில் இரு அணியின் கண்ணும், நடுவர் கண்ணும், கோட்டோரம் குந்தியிருக்கும் கூட்டத்தின் கண்ணும் அவர்மேல்தான். பாட்டு நின்றால் காதே சொல்லிவிடும். உலகில் வேறெந்த ஆட்டத்திலும் ஆட்டக்காரர் ஒவ்வொரு வினாடியும் ‘நான் மூச்சோடு இருக்கிறேன்’ என்று உரக்கச் சொல்லிக்கொண்டே ஆடுவதில்லை. கபடியின் இந்த ஒரு விதி, ஐ.சி.டி. வைத்தவருக்குக் கிடைத்த இலவசக் கண்காணிப்பு. ஒரு பொறியும் உண்டு. குவியலுக்கு அடியில் கிடக்கும்போது ஷாக் வந்தால், அமுக்கியதில் அசையவில்லை என்று நினைத்து மேலும் சில வினாடி விடமாட்டார்கள். பிடித்திருப்பவர் கையில் லேசாகச் சுரீர் என்று தெரியலாம்; அதனால் அவருக்குக் கெடுதல் இல்லை. ‘கை தளர்ந்தால் உடனே விடு’ என்று எதிரணிக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது இதனால்தான். மறைப்பதற்கு இது மானப்பிரச்சினை இல்லை.

கடலைச் சொல்ல அதிகம் தேவையில்லை. அதன் நல்லதும் கெட்டதும் சுருக்கமானவை. நல்லது: உப்புநீர் கருவியை ஒன்றும் செய்யாது, முழுக்க மூடிய பெட்டி. ஷாக் தண்ணீர் வழியே பக்கத்துப் பலகைக்காரர்மேல் பாய்ந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். ஓடி வந்து இடிப்பவர் யாரும் இல்லை. ஆனால் அலை புரட்டிப் போட்டால் சொந்தப் பலகையே நெஞ்சில் வந்து அடிக்கும் என்பதைக் கரையிலிருந்து பார்ப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அலைமேல் நிற்கும் நேரம் சொற்பம். கடலில் கழியும் பொழுதில் பெரும்பங்கு பலகைமேல் குப்புறப் படுத்து இரு கையாலும் வலித்துக்கொண்டு போவதுதான். ஒவ்வொரு வலிப்பிலும் தோள் முன்னே போய்ப் பின்னே வரும். காறையெலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவே வயர் நசுங்கக்கூடும். கபடியின் அடி ஒரே நாளில் தெரிந்துவிடும். இந்தத் தேய்மானம் வருடக்கணக்கில் ஓசையில்லாமல் நடக்கும். லாம்பர்ட் கணக்கில் கெடாமல் நின்ற வயர்கள் ஐந்தாண்டில் நூற்றுக்கு 97, பத்தாண்டில் 90. இருபது வயதில் வைத்துக்கொள்பவர் இன்னும் ஐம்பது ஆண்டைப் பார்க்க வேண்டும். பேட்டரிக்காகவே ஏழு முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை பெட்டியை மாற்ற வேண்டும்; கெட்ட வயரை உருவி எடுப்பது அதைவிடக் கடினமான வேலை. ஒவ்வொன்றும் லட்சங்களில் போகும் செலவு.

இதெல்லாம் இரண்டாம் பட்சம். கடலின் பிரச்சினை அந்தப் பத்து வினாடிதான். பலகை மிதக்கும், காலில் கட்டிய லீஷ் பலகையையும் ஆளையும் பிரியாமல் வைக்கும். முகத்தை நீருக்கு மேலே வைக்க அதனால் முடியாது. கருவி தன் வேலையைச் செய்துமுடிக்கும், துடிப்பு சீராகும். நினைவு திரும்பும்போது உடம்பு முதலில் கேட்பது மூச்சு. வாய் நீருக்குள் இருந்தால் உள்ளே போவது கடல். கபடியில் எல்லார் கண்ணும் பாடுகிறவர்மேல் என்றேன். அலைக்காகக் காத்திருக்கும் வரிசையில் எல்லார் கண்ணும் அடிவானத்தின்மேல். பக்கத்தில் இருந்தவர் பலகையில் இல்லை என்பதைக் கவனிக்க ஓர் அலை வந்து போக வேண்டியிருக்கும். நினைவிழந்தால் தனக்கோ பிறருக்கோ உயிராபத்து வரும் ஆட்டங்களை வழிகாட்டுதல்கள் தனியே பிரித்து எச்சரிப்பது இதற்குத்தான்.

கருவியை மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். அதை எந்த நோய்க்காக வைத்தார்கள்? நீண்ட க்யூடி என்ற பரம்பரைக் கோளாறின் முதல் வகைக்காரருக்குக் கோளாறைத் தூண்டுவதில் பேர்போனது நீச்சல். அவருக்கு அலைச்சறுக்கு என்ற பேச்சே வேண்டாம். வலது கீழறைத் தசை கொழுப்பாக மாறும் நோய் இருந்தால், கடும் உழைப்பே நோயை வளர்க்கும். கபடியானாலும் கடலானாலும் கருவி அதைத் தடுக்காது. இதயத்தசை தடித்துப்போகும் நோய் நமக்கு இன்னும் நெருங்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பெருந்துறை தண்டபாணியும் ஐதராபாத் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும் இன்னும் பலரும் சேர்ந்து 2009இல் காட்டியது இது: இதயத்தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் ஒரு மாற்றம் இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது; இதயத்தசை நோய்களுக்கான வாய்ப்பை அது கூட்டுகிறது. அத்தனை பேருக்கும் நோய் வராது. ஆனால் ‘இதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு வரும் வியாதி’ என்று தள்ளிவிட வழியில்லை. நோயே ஆடாதே என்று சொல்லும்போது ஐ.சி.டி.யை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஐரோப்பியர்கள் ஒரு வரி எழுதிவைத்திருக்கிறார்கள். அடிக்கோடிட வேண்டிய வரி.

யார் முடிவெடுப்பது என்பதில் உலகம் இன்னும் ஒன்றுபடவில்லை. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் மைதானத்தில் விழுந்து உயிர்பிழைத்த டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சனுக்கு ஐ.சி.டி. வைத்தார்கள். 1982 முதல் ஆட்டக்காரர்களுக்குக் கட்டாயப் பரிசோதனை நடத்தும் இத்தாலி, கருவியோடு ஆட அவருக்கு அனுமதி தரவில்லை. இன்டர் மிலான் ஒப்பந்தம் அந்த டிசம்பரிலேயே முடிந்தது. இங்கிலாந்தில் அப்படித் தடை இல்லை; 2022 பிப்ரவரியில் பிரென்ட்ஃபோர்டுக்காக இறங்கினார், 2024 யூரோ கோப்பையில் கோலும் போட்டார். இந்தியாவில் கால்பந்து வீரர் அன்வர் அலிக்கு 2019இல் இதயத்தசை நோய் தெரியவந்தது. கால்பந்து சம்மேளனம் தடுத்தபோது 2020இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பிறகு அனுமதி கிடைத்து, 2022இல் இந்திய அணிக்கே ஆடினார். இரண்டு பேருக்கும் பின்னால் கிளப் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், ஓரத்தில் தயாராக, வெளியிலிருந்து மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர். மதுராந்தகத்துப் பையனுக்குப் பின்னால் இருப்பது அம்மாவின் பயமும், ‘ஒண்ணும் ஆகாதுடா, வா’ என்று கூப்பிடும் டீம் அண்ணனும். இரண்டுமே மருத்துவ ஆலோசனை ஆகாது.

என் தீர்ப்பு இது. நோய் அனுமதித்து, மூன்று மாதமாவது கோளாறு எதுவும் வராமல் இருந்து, டாக்டர் சம்மதித்தால், கபடியைப் பாட்டுக்காரராக மட்டும், பட்டை கட்டிக்கொண்டு, பயிற்சி ஆட்டத்தில் தொடங்கிப் பார்க்கலாம். கார்னரில் நின்று பாய்ந்து பிடிப்பதையும் டேஷ் அடிப்பதையும் விட்டுவிட வேண்டும். கடலில் ஆழத்துக்குப் போய்க் காத்திருப்பதை நான் ஒப்பமாட்டேன். இடுப்பளவு நீரில், உடைந்து வரும் வெள்ளை நுரை அலையில், கைக்கெட்டும் தூரத்தில் அவரையே பார்த்துக்கொண்டிருக்கும் துணையோடு என்றால் பேசலாம். இந்தக் கரையில் அதற்கு ஏற்ற இடம், 2021இல் கடற்கரைகளுக்கான நீலக்கொடிச் சான்று பெற்றதால் உயிர்காப்பாளர்களை வைத்திருந்தே ஆக வேண்டிய கோவளம்.

இரண்டு இடத்திலும் கூட இருப்பவர்கள் தெரிந்துவைக்க வேண்டியது கொஞ்சம்தான். ஒரே ஒரு ஷாக், உடனே எழுந்துவிட்டார், பேச்சு தெளிவு என்றால் அன்றைய ஆட்டம் முடிந்தது, டாக்டருக்குப் போன். அடுத்தடுத்து ஷாக் வந்தாலோ, ஒரு ஷாக்குக்குப் பிறகும் தலைசுற்றலோ நெஞ்சுவலியோ நின்றாலோ 108. நினைவு திரும்பாமல் மூச்சும் இல்லையென்றால், உள்ளே மெஷின் இருக்கிறதே என்று தயங்காமல் நெஞ்சை அமுக்கத் தொடங்க வேண்டும். வெளி டிஃபிப்ரிலேட்டர் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம், அதன் ஒட்டுத்தகட்டைக் கருவி புடைத்துத் தெரியும் இடத்தின்மேல் ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி ஒட்ட வேண்டும். விளக்குக்கும் கோப்பைக்கும் மைக் செட்டுக்கும் வசூல் செய்கிற விழாக் குழுக்கள் அந்த வெளி டிஃபிப்ரிலேட்டர் ஒன்றையும் பட்டியலில் சேர்க்கலாம்; ஐ.சி.டி. வைத்தவரைவிட, வைக்க வேண்டிய நிலையில் இருந்தும் அது தெரியாமல் ஆடிக்கொண்டிருப்பவருக்கு அது அதிகம் தேவைப்படும்.